கணப்புச்சட்டியோடு மல்லுக்கட்டிய செல்லத்தாய் அக்கா

மருத்துவச்சி செல்லத்தாய் அக்கா விடியற்காலையில் இறந்துபோய்விட்டார் என்று பால்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் பால் ஊற்றப் போய்விட்டார். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. ரங்கூன் தாமுவேப் பேட்டையில் நம் தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். அவர்களைப் பெற்ற தாய்மார்களில் பாதிப் பேர் அவரோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள். அந்தச் சண்டை எதற்காக என்று தெரியாமலேயே அவரைத் திட்டியவர்களும் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பிள்ளை பெற்றவளை நெருப்புக் காய வைப்பது நம் வழக்கம். பர்மியரிடமும் அது உண்டு. ஊரில் நம் வீடு ஓலையும் கீற்றுமாக இருந்தது, காற்று தானாக வந்து போகும். ரங்கூனில் நமக்கு வாய்த்தது நெருக்கி அடித்த பலகைச் சுவரும் மாடியறையும். விறகு எரித்தால் புகை மண்டும், வீட்டுக்காரர் ஏசுவார். ஆகவே கரிக்கு மாறினோம். கரியில்தான் புகை இல்லையே என்று, பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்ற பயத்தில், பலகை இடுக்கிலெல்லாம் கந்தலைத் திணித்தோம். அக்கா தலையில் அடித்துக்கொண்டது இதற்குத்தான்.

"வெறகு நல்லவன்டி. கெடுதல் பண்ண வந்தா கண்ணைக் கரிச்சு முன்னாலயே சொல்லிடுவான். இந்தக் கரி இருக்கே, சிரிச்சுக்கிட்டே கழுத்தறுப்பான்" என்பார்.

என் இரண்டாவது பிரசவம் மார்கழிப் பனியில் நடந்தது. என் மாமியார் த்வாண்டே ஊர் மண்சட்டி ஒன்றில் கரியை மூட்டிக் கட்டிலருகே வைத்தார். கதவைச் சாத்தினார். ஜன்னலுக்குக் கம்பளியும் தொங்கவிட்டார். சற்று நேரத்தில் எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது. குமட்டியது. பிறகு கண்ணைத் திறக்க முடியவில்லை. "ஐயையோ, குளிர் ஏறிடுச்சு" என்று மாமியார் இன்னும் கொஞ்சம் கரியை அள்ளிப் போட்டார். பக்கத்தில் குழந்தை அசையாமல் கிடந்தாள். என்ன சமத்து, எப்படித் தூங்குகிறாள் பார் என்று எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். எனக்கோ பேச நாக்கு எழவில்லை.

குழந்தையைக் குளிப்பாட்ட வந்த அக்கா வாசலிலேயே ஒரு கத்துக் கத்தினார். முந்தானையைச் சுற்றிக்கொண்டு சட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். கம்பளியைப் பிடுங்கி எறிந்தார்.

"யாரைக் கேட்டுத் தொறந்தே? புள்ளை பெத்தவ செத்தா நீயா பதில் சொல்லுவே?" என்று மாமியார் மறித்தார்.

"செத்தா சொல்றேன். இப்ப வெலகு!"

எங்கள் இருவரையும் காற்றில் கொண்டுவந்து போட்டார். நான் வாந்தி எடுத்தேன். குழந்தை நெடுநேரம் கழித்துச் சிணுங்கி ஒரு வாய் பால் குடித்தாள். சட்டி சுட்ட தழும்பு அக்காவின் உள்ளங்கையில் கடைசிவரை இருந்தது. என் மாமியாரோ, தான் கிண்டிய லேகியம்தான் எங்களைப் பிழைக்கவைத்தது என்று சாகும்வரை சொன்னார்.

பிறகு வேறொரு வீட்டில், அக்கா ஜன்னலைத் திறந்துவைத்தபின் பிள்ளை பெற்றவள் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். காய்ச்சலுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "காத்தை உட்டுக் கொன்னவ" என்ற பேர் வந்தது. கூப்பிடுவது நின்றது. கூப்பிடாத வீடுகளுக்கும் அவர் போனார். படியில் உட்கார்ந்து கத்தினார். சில இடங்களில் மேலேயிருந்து தண்ணீரைக் கொட்டினார்கள்.

எனக்கே பொறுக்கவில்லை. "விட்டுத் தொலையுங்களேன் அக்கா, உங்களுக்கு என்ன வந்தது?" என்றேன்.

மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்: "ஆசைப்பட்டாடி போறேன்? எனக்கும் அலுத்துத்தான் போச்சு. ஏன் அப்பிடி ஆவுதுன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. மூடுன அறையில தாயும் புள்ளையும் தூங்குற மாதிரியே கெடந்ததை ஒருவாட்டி பாத்துட்டேன். இப்ப ஒரு வீட்டுக்குக் கரி போறதைக் கண்ணால பாத்தப்புறம், நான் எப்பிடிடி சோறு திங்கிறது?"

நேற்று அவர் வீட்டில் கூட்டத்துக்குக் குறைவில்லை. பேச்சை முறித்தவர்களும் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். ஜன்னலைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. உடலை எடுத்தபின், குளித்துவிட்டுப் படுத்தால் போதும் என்று தெருவில் நடந்துவந்தேன். எங்கள் தெருமுனை மாடியில் ராக்காயியின் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள். ஜன்னல் இடுக்கெல்லாம் கந்தல் அடைத்திருந்தது. பேசாமல் கடந்துபோகத்தான் நினைத்தேன். நின்றுவிட்டேன்.

"ராக்காயி, உள்ள கரி வச்சிருக்கியா? ஜன்னலைத் தொற!" என்று கீழேயிருந்து கத்தினேன்.

அவள் மாடிப்படி உச்சியில் வந்து நின்றாள். "செத்தவ சொன்னதை நீங்க ஆரம்பிச்சிட்டீங்களா? போங்க, போய்த் தலைக்குத் தண்ணி ஊத்துங்க."

எனக்கு எங்கிருந்து வந்ததோ கோபம். முதல் படியில் காலை வைத்தேன்.

"ஐயோ, எழவு வீட்டுத் தீட்டோட ஏறாதீங்க! பச்சைப் புள்ளை இருக்கு!"

"அப்ப சட்டியை வெளிய வச்சு ஜன்னலைத் தொற. இல்லேன்னா இந்தத் தீட்டுத் துணியோடவே வந்து உன் மக கட்டில்ல உக்காருவேன்."

அடுத்த படியிலும் ஏறினேன். சட்டி வெளியே வந்தது, ஜன்னலும் திறந்தது. கூடவே என் ஏழு தலைமுறைக்கும் வசவு விழுந்தது.

அக்காவின் பொறுமை எனக்கு வாய்த்திருக்கிறது என்று எழுத ஆசைதான். அவருக்கே அது கிடையாது. எனக்கு மிஞ்சியது அவருடைய வாய். பனி விட இன்னும் தை மாதம் முழுவதும் கிடக்கிறது. எனக்கு மிகவும் அசதியாக இருக்கிறது, அக்கா.