தம்பி ஊரில்தான் இருக்கிறான்

களமருதூரில் என்னைச் சந்தேகப் பிராணி என்பார்கள். மறுக்க மாட்டேன். நெல் எடை போடும்போது தராசைப் பார்க்காமல் வியாபாரியின் முகத்தைப் பார்க்கிறவன் நான். அன்றைக்கு மஃப்டியில் ஒருவர் வாசலில் பைக்கை நிறுத்தி, வெளிநாட்டில் இருக்கும் என் தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டதும் அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"ஸ்டேஷன்ல இருந்து வரேன். சும்மா விசாரணைதான்" என்றார்.

போலீஸ்காரர் சும்மா வருவாரா? தம்பி போய் ஆறு வருஷம் ஆகியும் ரேஷன் கார்டிலிருந்து அவன் பெயரை நான் எடுக்கவில்லை. என்னோடு வரப்புத் தகராறில் இருந்த பக்கத்து நிலத்துக்காரன்தான் மனு போட்டுவிட்டான் என்று அந்த நொடியே முடிவு கட்டினேன்.

"இங்கதாங்க இருக்கான். மரவள்ளி லோடு ஏத்த கல்வராயன் மலைக்குப் போயிருக்கான்."

"வெளிநாடு எதுனா போயிருந்தாரா?"

"அவன் கள்ளக்குறிச்சி ஜில்லாவத் தாண்டி எங்கயும் போனதில்லீங்க."

கார்டையும் காட்டி, அவர் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டேன். பக்கத்து நிலத்துக்காரன் மூக்கை உடைத்துவிட்டதாக எனக்கு ஒரே பெருமை.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி போன் செய்தான். அந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனு போட்டிருந்தானாம். அதற்கு நன்னடத்தைச் சான்று வேண்டும் என்று அவன் கேட்டுத்தான் போலீஸ் வந்திருக்கிறது. இத்தனை நாள் அங்கேயே குடியிருந்தேன் என்று காட்ட வேண்டும்; வெளியே போன நாளையெல்லாம் கழித்துவிடுவார்கள். நான் கையெழுத்துப் போட்ட தாளோ, அவன் ஊரைவிட்டே நகரவில்லை என்கிறது. மனுவை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

"முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ ஊரெல்லாம் விசாரிச்சிக்கினு இருப்ப. கெடைக்கட்டும்னு இருந்தேன்."

எனக்கு ஆத்திரம். தப்பு என்னுடையது என்று தெரிந்ததால் இன்னும் ஜாஸ்தி ஆத்திரம். போன வருஷம் அப்பா செத்தபோது, லீவு இல்லை என்று வராமல் இருந்தவன் இவன். அங்கே யாரையோ சேர்த்துக்கொண்டிருக்கிறான் என்று நான் அப்போதே நினைத்தேன். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பன் மொகத்தக் கடைசியா ஒரு தபா பாக்க வராதவனுக்கு நாள் கணக்கு ஒரு கேடா?"

வைத்துவிட்டானோ என்று போனை எடுத்துப் பார்த்தேன்.

"லீவு இருந்திச்சிண்ணா" என்றான். "காரியம் முடிய பதினாறு நாள். அது கழிஞ்சிடுமேன்னு பயந்துகினுதான் வரல."