கழிவில் கழித்தது

என் அக்கா கணவருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் ‘கஞ்சப் பொறியாளர்’. கடல் நீரைக் குடிநீராக்கும் பெரிய நிலையங்களை வடிவமைப்பது அவர் வேலை. சுற்றிப்போகும் குழாயை நேராக்கி மின்சாரத்தை மிச்சம் பிடிப்பார். வெளியேறும் நீரின் அழுத்தத்தைக்கூட விடாமல் பிடித்து, பம்புக்கே திருப்பிக் கொடுப்பார். ஒன்றில் மட்டும் கை வைக்கமாட்டார்: நல்ல நீர் பிரிந்தபின் மிஞ்சும் கடும் உப்பு நீரைக் கடலுக்குள் வெகுதூரம் கொண்டுபோய் விடும் கழிவுக் குழாய். அந்தப் பிடிவாதத்தால் அவர் வரைந்த எதுவும் காகிதத்தை விட்டு எழவில்லை. குறைந்த விலை சொன்னவனுக்குத்தானே வேலை!

ஓய்வு நெருங்கிய வேளையில் எங்கள் ஊர் நிலையத்துக்கே டெண்டர் வந்தது.

“இன்னும் கொஞ்சம் கழிவு குடுத்தா நமக்குத்தான் சார்,” என்றார் மேலாளர். தள்ளுபடியைத்தான் சொன்னார்.

“எதுல கழிக்கிறது? எல்லாத்துலயும் கழிச்சாச்சு.”

“கழிவுலயே கழிங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்த வாயோடு குழாயின் நீளத்தைப் பாதியாக்கினார்.

நிலையம் எழுந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. “எங்க வீட்டுக்காரர் தண்ணி” என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அப்புறம் கடலில் நீரோட்டம் இல்லாத மாதங்கள் வந்தன. கனத்த உப்பு நீர் விலகிப்போகாமல் அடியிலேயே தங்கி, கடல் நீரை இழுக்கும் வாய்க்கே வந்துசேர்ந்தது. நிலையம் தான் துப்பியதைத் தானே குடித்தது. பம்புகள் திணறின, மிச்சம் பிடித்த மின்சாரமெல்லாம் அதற்கே போயிற்று. வீட்டுக் குழாய்களில் தண்ணீர் கரித்தது.

தெருவே கேன் தண்ணீருக்கு மாறியது. அக்கா மட்டும் மாறவில்லை. அவளோ ரத்தக் கொதிப்புக்காரி. உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார். எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு, “தெருக் குழாய் பழசுங்க, அதான்” என்று சாதித்தாள். கால் இரண்டும் வீங்கிவிட்டன.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “உனக்கென்ன பைத்தியமா? கேன் வாங்கினா என்ன?”

“வாங்கினா நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்டா. அவரு மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு? மெதுவா பேசு, உள்ளதான் இருக்காரு.”

உள்ளேதான் இருந்தார். விரித்த செய்தித்தாளைப் புரட்டவே இல்லை.

மறுநாள் காலை முக்குக் கடையிலிருந்து தோளில் கேனோடு வந்தார். கடைக்காரர் வண்டியில் அனுப்புவதாகச் சொல்லியும் கேட்கவில்லையாம். எதிர்வீட்டு வாசலில் தானாகவே நின்றார்.

“குழாய் பழசு இல்லம்மா. கடலுக்குள்ள போற குழாய நான்தான் குட்டையாக்கிட்டேன்.”

அக்கா காதில் விழுந்துவிட்டது. அவர் ஊற்றிக் கொடுத்த டம்ளரை வாங்காமல் அழுதாள். “ஏங்க சொன்னீங்க? நான்தான் சமாளிச்சுக்கிட்டு இருந்தேன்ல?”

அவர் டம்ளரை நீட்டியபடியே நின்றார்.

“குடி. இது எவனோட தண்ணியோ. நல்லாத்தான் இருக்கும்.”