மயிலாப்பூரில் ஒரு கட்டில்

கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் எண்பதுகளில் ஒவ்வொரு டிசம்பரிலும் பாளையங்கோட்டையிலிருந்து சென்னைக்கு வருவாள். சங்கீத சீசனுக்காக. ஊரில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்து விடுமுறை விட்ட அன்றே ரயிலேறிவிடுவாள். பள்ளி திறப்பதற்குள் கேட்க முடிந்த கச்சேரி எல்லாவற்றையும் கேட்டுவிட வேண்டும். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகை, புடவை எதிலும் பெரிய ஆசை கிடையாது. வருஷம் முழுக்க அவள் காத்திருந்தது இதற்குத்தான்.

கச்சேரிகள் நடந்தது மயிலாப்பூரிலும் தி.நகரிலும். என்னைக் கட்டிக்கொடுத்த வீடு கிழக்குத் தாம்பரத்தில். முதல் வருஷம் எங்களோடு தங்குகிற எண்ணம் அவளுக்கு இல்லை. சபாவுக்குப் பக்கத்திலேயே ஒரு லாட்ஜில் அறை எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். இருவருமாகப் போய் விசாரித்தோம். மயிலாப்பூர்க் குளத்தையொட்டிய தெருவில் மாடியில் ஒரு லாட்ஜ். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

"கூட ஆம்பளைங்க யாரும் வர்லியாம்மா?" என்றார்.

இல்லை, இவள் ஒருத்திதான், டீச்சர், கச்சேரி கேட்க வந்திருக்கிறாள் என்று நான் சொன்னேன்.

"லேடீஸ் தனியா வந்தா ரூம் குடுக்கறதில்லம்மா. நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா எனக்குத்தான் பேஜார்."

அடுத்த லாட்ஜில் இடமில்லை என்றார்கள். சாவிகள் வரிசையாக ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. திருவல்லிக்கேணியில் அவளுடைய சித்தப்பா வீடு இருந்தது. ஒண்டுக் குடித்தனம், எல்லோருக்கும் ஒரே குளியலறை. அங்கே போனால் குளித்து முடிப்பதற்குள் மத்தியானக் கச்சேரி முடிந்துவிடும் என்றாள். எங்கள் வீட்டுக்கே வந்துவிடு என்று நான்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அப்படித்தான் தாம்பரம் வழக்கமானது. ஊரிலிருந்து வரும் வண்டி தாம்பரத்தில் நிற்கும் என்பது அவளுக்கு ஒரு வசதி. காலையில் வந்து இறங்குவாள், என் கணவர் போய் அழைத்து வருவார். எங்களுக்கு அது கிறிஸ்துமஸ் நேரம். வீட்டுக்கு வெள்ளையடித்து, சாமான்களை இடம் மாற்றி, திரைச்சீலை துவைத்து, பலகாரம் சுட்டு என்று நான் அல்லாடிக்கொண்டிருப்பேன். அவள் வந்ததும் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அச்சுமுறுக்குச் சுட உட்கார்ந்துவிடுவாள். முந்தின சாயங்காலம் கேட்டது எதுவோ அவள் வாயில் ஓடிக்கொண்டே இருக்கும். எண்ணெயில் அச்சை உதறும்போதுகூட தாளம் தப்பாது. பண்டிகையன்று நாங்கள் பிரியாணி சாப்பிடும்போது அவள் எங்களோடேயே உட்கார்ந்து தயிர்சாதமும் மாங்காய் ஊறுகாயும் சாப்பிடுவாள். என் மாமியாருக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். ஆனால் ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்காமல் அவரால் இருக்க முடியாது. வருஷாவருஷம் கேட்பார். அவளும் வருஷாவருஷம் சிரிப்பாள்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு மின்சார ரயிலில் மாம்பலம், அங்கிருந்து பஸ்ஸில் மயிலாப்பூர். திரும்பி வருவதுதான் பாடு. தனியாக வரும் பெண் ரொம்ப இருட்டுவதற்குள் தாம்பரம் வந்து சேர வேண்டும் என்று என் கணவர் சொல்லியிருந்தார். அதனால் எந்தக் கச்சேரியையும் அவள் முடிவுவரை கேட்டதில்லை. பாடகர் பெரிய ராகத்தை எடுத்து மெல்ல விரிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் இவள் எழுந்து, வரிசையில் இருக்கிறவர்களின் முழங்காலை எல்லாம் தாண்டி, வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்பாள். மிச்சத்தை ரயிலில் நானே பாடிக்கொண்டு வந்துவிடுவேன் என்று வேடிக்கையாகச் சொல்வாள்.

என்னையும் கூப்பிடுவாள். ஒரு நாளாவது வந்து பக்கத்தில் உட்காரு, எது என்ன ராகம் என்று நான் சொல்லித் தருகிறேன் என்பாள். எங்கள் வீட்டில் பாட்டு என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கோயில் பாட்டுதான். எனக்கு அதற்கு மேல் தெரியாது. அடுத்த வருஷம் வருகிறேன் என்பேன். உண்மையாகவே வர நினைத்துத்தான் சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர். வழக்கம்போல வந்து இறங்கினாள். அவள் படுக்கும் கட்டிலில் புது விரிப்பு போட்டுவைத்திருந்தேன். கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்தாள். பெட்டியை உள்ளே கொண்டு வைக்கவில்லை. நான் எடுக்கப் போனபோது தடுத்தாள். மயிலாப்பூரில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி ஒன்றில், ஊருக்குப் போயிருக்கிறவர்களின் கட்டிலை விடுமுறைக்கு மட்டும் வாடகைக்கு விடுகிறார்களாம். அவளோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறாள்.

"இங்க என்னட்டி குறை?" என்று கேட்டேன்.

"குறை ஒண்ணும் இல்ல. பாதியில எந்திரிச்சு எந்திரிச்சு வர முடியல. இனிமேலாவது முழுசா கேக்கணும்."

மாமியாரின் கேள்விதான் காரணம் என்று எனக்குத் தோன்றியது. இல்லையென்றால் பண்டிகைச் சந்தடி பிடிக்காமல் போயிருக்கலாம். அவளிடம் கேட்டால் சங்கடப்படுவாள் என்று கேட்கவில்லை. என் கணவர் அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை போனார். வாசலில் நின்று, "ஒரு நாள் வா. சீக்கிரமே போய் டிக்கெட் வாங்கி முன்வரிசையில உட்காருவோம்" என்றாள். கேட்டைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவையும் சொன்னாள்.

பண்டிகை முடிந்ததும் வருகிறேன் என்றேன். பண்டிகை முடிந்ததும் நாத்தனார் குடும்பத்தோடு வந்தாள். பிறகு நான் வேலை பார்த்த பள்ளியில் திருத்தக் கொடுத்த விடைத்தாள் கட்டு. பிறகு வருஷக் கடைசி ஆராதனை. அவள் எழும்பூரில் வண்டியேறி அப்படியே ஊருக்குப் போய்விட்டாள். தாம்பரத்தில் அந்த வண்டி நின்று கிளம்பும் நேரத்தில் நான் சமையலறையில் இருந்தேன்.

அடுத்த வருஷமும் மயிலாப்பூர்தான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தாள். அன்றைக்குக் கொஞ்சம் உரக்கப் பேசினாள். மாமியார் வழக்கமான கேள்வியைக் கேட்டபோது சிரிக்காமல், "ஆமாம்மா, நல்ல பனி" என்றாள். மாமியார் முகம் சுருங்கிவிட்டது. வேண்டுமென்றேதான் அப்படிச் சொல்கிறாள் என்று எல்லோரும் நினைத்தோம். நானும்.

அதற்கடுத்த டிசம்பரில் அவள் வரவில்லை.

கோடை விடுமுறையில் பாளையங்கோட்டைக்கு அம்மாவைப் பார்க்கப் போனபோது அவள் வீட்டுக்கும் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. பின்கட்டில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்று பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. உள்ளே வந்து கூப்பிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்குக் கூப்பிட்டேன். அவள் முறத்தை ஒரு புடை புடைத்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். நான் தோளைத் தொட்டதும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். முறம் சரிந்து அரிசி முழுக்கத் தரையில் கொட்டியது.

அதை அள்ளிக்கொண்டேதான் சொன்னாள். காது போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொல்லிச் சில வருஷங்கள் ஆகின்றன. மெல்லப் போகும், நிற்காது என்றாராம். மயிலாப்பூருக்குப் போனது அதனால்தான். பின்னால் உட்கார்ந்தால் வயலின் கேட்காமல் போனது. முன்வரிசை வேண்டுமென்றால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும். முடியும்வரை இருக்க வேண்டும். இன்னும் எத்தனை சீசன் கிடைக்கும் என்று தெரியாதபோது பஸ்ஸுக்காக எழுந்து போக அவளுக்கு மனம் வரவில்லை.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். என் வாயைப் பார்த்தபடி இருந்தவள், "சொன்னா நீ உங்க கோயில்ல ஜெபக் குறிப்பு எழுதிக் குடுத்துருவ. தாம்பரம் முழுக்க எனக்காக ஜெபிச்சிருக்கும்" என்றாள். சிரித்தாள். பிறகு, "கச்சேரியில பக்கத்துல நீ இருந்தா அங்க வச்சுச் சொல்லலாம்னு நெனச்சேன்" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் அவளை வகுப்பிலிருந்து எடுத்து நூலகத்தில் போட்டிருந்தார்கள். காதுக்கு மெஷின் வாங்கியிருந்தாள். ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொள்ளும் சின்னப் பெட்டி. தட்டு விழுவதும் நாய் குரைப்பதும் அதில் நன்றாகக் கேட்டன. பாட்டைக் கேட்டால் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல இருக்கிறது என்றாள்.

அந்த டிசம்பரில் அவளை வற்புறுத்தி வரவழைத்தேன். எங்கே தங்குவது என்ற பேச்சே எழவில்லை. பழைய கட்டிலிலேயே படுத்துக்கொண்டாள். அச்சுமுறுக்குச் சுட்டாள், வாயில் பாட்டில்லாமல். மாமியார் அவள் பக்கத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். எதுவும் கேட்கவில்லை.

பண்டிகைக்கு மறுநாள் கச்சேரிக்குப் போகலாமா என்று நானே கேட்டேன். வேண்டாம் என்பாள் என்று நினைத்தேன். சரி என்றாள். சீக்கிரமே போய் நின்று முன்வரிசையில் இடம் பிடித்தோம். பாடியவர் ஒரு நடுவயதுப் பெண். இவள் மெஷினைக் கழற்றிக் கைப்பையில் போட்டுவிட்டு மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாடகி கண்ணை மூடி, கையை மெல்ல மேலே தூக்கி நீளமாக இழுக்க ஆரம்பித்தபோது கூட்டம் அசையாமல் இருந்தது. அவள் என் பக்கம் சாய்ந்தாள்.

"என்ன ராகம்?" என்று கேட்டாள்.

தன் குரலின் அளவு அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

எனக்குத் தெரியவில்லை. பாட்டு ஆரம்பித்த பிறகு வார்த்தையாவது பிடிபடுமா என்று பார்த்தேன். தெலுங்கு. ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவரிடம் கேட்டிருக்கலாம். அவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், எழுப்பக் கூச்சமாக இருந்தது. தெரியலடி என்று அவளுக்குப் புரிகிற மாதிரி வாயசைத்தேன். பரவாயில்லை என்பது போல என் கையைத் தட்டிவிட்டு மறுபடி மேடையைப் பார்த்தாள். கச்சேரி முடிந்து எல்லோரும் எழுந்த பிறகுதான் எழுந்தாள்.

திரும்பி வரும்போது ரயிலில் கூட்டம் இல்லை. பரங்கிமலை தாண்டியதும் காலைத் தூக்கி எதிர்ச்சீட்டில் வைத்துக்கொண்டாள். அந்தப் பாடகியின் புடவை நல்ல அரக்கு, இந்தக் காலத்தில் அப்படிச் சாயம் கிடைப்பதில்லை என்றாள். குரல் எப்படி என்று என்னைக் கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன்.

மறு வருஷம் கூப்பிட்டேன். உடம்பு சரியில்லை என்று தன் தம்பியை விட்டுப் போனில் சொல்லிவிட்டாள். அதற்கடுத்த வருஷம் அவள் விருப்ப ஓய்வு பெற்றுத் தம்பியோடு கோயம்புத்தூர் போய்விட்டாள். பிறகு நான் வற்புறுத்தவில்லை. வந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போவது என்று எனக்கே தெரியவில்லை. இப்போது யோசித்தால், எங்கேயும் போக வேண்டிய தேவையே இருந்திருக்காது. எங்கள் வீட்டில் சும்மா இருந்திருப்பாள்.