நசீபா டீச்சர் வாங்கிய ஏ பிளஸ்

நசீபாவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் அவள் வாங்கிய ஏ பிளஸைத்தான் சொல்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கொச்சி மட்டாஞ்சேரியில் நாங்கள் வேலை பார்க்கும் பள்ளியில் அவள் கணக்கு டீச்சர், நான் சமூக அறிவியல். ஸ்டாஃப் ரூமில் எதிரெதிர் நாற்காலி. அவள் டிபனில் இருந்த கப்பக்கிழங்கில் பாதி என் வயிற்றுக்குள்தான் போயிருக்கிறது. அவளுடைய கோபத்தையும் அழுகையையும் முழுதாக வாங்கிக்கொண்டவளும் நான்தான். ஆகையால் அந்த ஏ பிளஸ் எப்படி வந்தது என்று நானே சொல்லிவிடுகிறேன்.

நசீபா பக்கத்துப் பனயப்பிள்ளிக்காரி. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், பாடம் நடத்தும்போது இரண்டும் கலந்து வரும். கல்யாணம் ஆன பிறகு படிப்பு எதற்கு என்று கேட்டவர்களிடமெல்லாம் மல்லுக்கு நின்று பி.எட். முடித்தவள். புருஷன் ஷௌகத் அலி தங்கமான மனுஷன், தினமும் காலையில் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். ஒரு பிள்ளைக்குக் கணக்கு புரியவில்லையென்றால் நசீபா வேறு வழியில் சொல்வாள், அதுவும் ஏறவில்லையென்றால் இன்னொரு வழி. ஆனால் அவளுடைய பெரிய கவலை சட்டென்று புரிந்துகொண்டுவிடும் பிள்ளைகளைப் பற்றித்தான். "முடிச்சுட்டு சும்மா உக்காந்திருக்கிற பிள்ளையப் பாத்தா எனக்குப் பாவமா இருக்குக்கா" என்பாள். அவர்களுக்கென்று வீட்டில் உட்கார்ந்து தனியாகக் கணக்குகள் யோசித்துக்கொண்டு வருவாள்.

அப்படித்தான் ஆறாம் வகுப்பில் அமுதவள்ளி அவள் கையில் கிடைத்தாள். அப்பா சுடலைமணி ஜூ டவுன் மசாலாக் கிடங்கில் சுக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவர், தென்காசிப் பக்கத்துக்காரர். பெண் ஒல்லிக்குச்சி. தமிழ் பேசுவாள், எழுதச் சொன்னால் மலையாளத்தில்தான் எழுதுவாள். கணக்கில் மட்டும் அவள் வேறு ஜாதி மூளை. நசீபா கொடுக்கிற கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, அதைத் தலைகீழாகத் திருப்பி நசீபாவிடமே கேட்பாள். ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நசீபா என்னிடம் அதைச் சொல்லும்போது முகம் அப்படியே மலர்ந்திருக்கும். எனக்குக் கணக்கு ஒரு மண்ணும் புரியாது, ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

எங்கள் பள்ளியை ஒரு டிரஸ்ட் நடத்துகிறது. மீத்திறன் மாணவர்களுக்குத் தனிக் கவனம் என்று வாசலில் பெரிய பலகையே மாட்டியிருக்கிறார்கள். டீச்சர்களுக்கு வருஷா வருஷம் ஒப்பந்தம். வகுப்பை ஒருவர் வந்து உட்கார்ந்து பார்த்து கிரேடு போடுவார், அதை வைத்துத்தான் அடுத்த வருஷம் வேலை. பார்க்க வருகிறவர் பெயர் நிகில். மரியாதையான பையன், குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. பாட நோக்கம் போர்டில் எழுதியிருக்கிறதா, எத்தனை பிள்ளைகள் கை தூக்குகிறார்கள், நேரத்துக்குப் பாடம் முடிந்ததா என்று டேப்லெட்டில் தட்டிக்கொண்டே இருப்பார். பலகையில் எழுதியிருக்கும் அந்த மீத்திறனுக்கு அவர் டேப்லெட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. மாட்டியவனும் டிரஸ்ட்தான், கட்டம் போட்டவனும் டிரஸ்ட்தான். யாரைப் போய் என்ன கேட்க?

நிகில் வந்த அன்று நசீபா பின்னங்களை வரிசைப்படுத்துவது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்தாள். அமுதவள்ளி எழுந்து, "டீச்சரே, அரைக்கு அடுத்த எண் எது?" என்று கேட்டாள். எதைச் சொன்னாலும் அதற்கும் அரைக்கும் நடுவில் இன்னொன்று நுழைந்துவிடுகிறதே என்பது அவள் சந்தேகம். வேறு யாராவதாக இருந்தால் உட்காரு என்று சொல்லியிருப்பார்கள். நசீபா சாக்பீஸைத் தூக்கி அவள் கையில் கொடுத்து, நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டாள். பிள்ளைகளும் ஆளுக்கொரு பின்னம் கத்த, அமுதவள்ளி ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒன்றைப் பிடித்துப் பிடித்துப் போட்டாள். மணி அடிக்கும்வரை அதுதான் நடந்தது. அதைவிட நல்ல வகுப்பை அந்தக் கட்டடம் பார்த்திருக்காது.

கிடைத்தது சி கிரேடு. பாட நோக்கம் நிறைவேறவில்லை, ஒரே மாணவிக்கு அதிக நேரம் என்று காரணம் போட்டிருந்தது. நசீபா நிகிலிடமே போய் நியாயம் கேட்டாள். வகுப்பு தனக்கு மிகவும் பிடித்திருந்தது என்றும், ஆனால் பிடித்ததைப் போட இடமில்லை என்றும் அவர் சங்கடத்தோடு சொல்லியிருக்கிறார். பிப்ரவரியில் இன்னொரு முறை பார்ப்பார்கள், அப்போதும் சி என்றால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று தலைமையாசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

வேலை போவதைப் பற்றி நசீபா அவ்வளவாகப் பயப்படவில்லை. அவள் போனால் அமுதவள்ளியின் ஏழாம் வகுப்புக் கணக்கு யாருக்குப் போகும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். சீக்கிரம் முடித்த பிள்ளையை மறுபடி வாய்ப்பாடு எழுத வைக்கிற மகராசி அவர். "அந்தப் பிள்ள செத்துப் போகும்க்கா" என்றாள் நசீபா. அமுதவள்ளியை விட்டுக்கொடுக்க முடியாது என்றுதான், அதுவரை செய்யாத ஒன்றைச் செய்ய அவள் இறங்கினாள்.

எங்கள் பள்ளியில் நிகில் வருவதற்கு முந்தின நாள் ஒத்திகை நடக்கும். எந்தக் கேள்வி, யார் பதில் என்று பேசி வைத்துக்கொள்வோம். எல்லாரும் கை தூக்க வேண்டும், பதில் தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. பார்க்கிறவருக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரியும், டீச்சர் வலது கையாகப் பார்த்துக் கூப்பிடுவார். எல்லா டீச்சர்களும் செய்வதுதான், நானும் உட்பட. நசீபா மட்டும்தான் அதைத் தொடாமல் இருந்தாள்.

பிப்ரவரியில் அவளும் ஒத்திகை வைத்தாள். அது முடிந்ததும் அமுதவள்ளியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, நாளைக்கு நீ எதுவும் கேட்காதே, இடது கையைத் தூக்கு என்று சொல்லியிருக்கிறாள். தனக்குத்தான் பதில் தெரியுமே என்று அந்தப் பெண் முழித்திருக்கிறது. பிறகு, "நான் கேட்டதாலதான் உங்களுக்கு சி போட்டாங்களா டீச்சரே?" என்று கேட்டிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எது மறைகிறது? அப்போது பார்த்து தலைமையாசிரியை கூப்பிட, நசீபா ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், "அதெல்லாம் நீ நெனைக்காத மோளே. நாளைக்கு மட்டும் இடது கை" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

மறுநாள் வகுப்பு மளமளவென்று போனது. ஏ பிளஸ். பாராட்டுக் கூட்டம், சாயா, பழம்பொரி. மற்ற டீச்சர்கள் வந்து பார்த்துக் கற்றுக்கொள்ள அந்த வகுப்பை வீடியோ எடுத்துக்கூட வைத்தார்கள். ஏழாம் வகுப்பும் நசீபாவுக்கே வந்தது. நான்தான் முதலில் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

ஜூனில் பள்ளி திறந்த பிறகு நசீபா பழையபடி தனிக் கணக்குகளோடு போனாள். அமுதவள்ளி வாங்கிக்கொண்டாள், போட்டாள், நீட்டினாள். திருப்பி எதுவும் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கும், வயசு என்று நான் சமாதானம் சொன்னேன். மற்ற டீச்சர்களுக்கோ ஒரே சந்தோஷம், தொணதொணத்துக்கொண்டிருந்த பெண் எவ்வளவு அடக்கமாகிவிட்டது பாருங்கள் என்றார்கள். நசீபா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். வேண்டுமென்றே போர்டில் தப்பாக எழுதினாள். அமுதவள்ளி அதைப் பார்த்தாள், தலையைக் குனிந்து சரியான விடையைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு மழை நாளில் சாப்பாட்டு இடைவேளையில் அவளைப் பிடித்து உட்காரவைத்து, நாளைக்கு மட்டும் என்றுதானே சொன்னேன், ஏன் இப்படி இருக்கிறாய் என்று நசீபா கெஞ்சியே விட்டாள்.

"அவங்க மறுபடி எப்ப வருவாங்கன்னு தெரியாதுல்லா டீச்சரே. உங்களுக்கு வேல போயிரும்லா."

"போனாப் போகட்டும் மோளே. நீ கேளு. இப்பவே கேளு, என்ன வேணாலும் கேளு."

அமுதவள்ளி பொய் சொல்கிற பெண் இல்லை. கொஞ்ச நேரம் நிஜமாகவே யோசித்துப் பார்த்திருக்கிறாள்.

"மொதல்ல வந்துச்சு டீச்சரே, அடக்கிக்கிட்டேன். இப்ப தேடித்தான் பாக்கேன். ஒண்ணும் வரமாட்டேங்கு."

அதற்குப் பிறகு, பசிக்கிறது, சாப்பிடப் போகட்டுமா என்று கேட்டிருக்கிறாள். நசீபா போகச் சொன்னாள். ஏழாம் வகுப்புக்கு வந்த பிறகு அமுதவள்ளி தன்னிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான் என்று ஸ்டாஃப் ரூமில் என் எதிரே உட்கார்ந்து அவள் அழுதாள்.