பக்கத்து வீட்டுப் பொகை

அதுக்காடி உம் மருமக காலையில இருந்து சோறு தண்ணி இல்லாம கெடக்கா? பள்ளிக்கூடத்துல புள்ளையோட அறிவச் சோதிக்க ஒரு அம்மா வாறாகளாம், அவ்வளவுதான? இந்தக் கெழவி அந்தக் காலத்துலயே அதைப் பாத்தவன்னு போயிச் சொல்லு. நான் நடுங்குன நடுக்கத்தை மட்டும் சொல்லிராத.

எம் மூத்த மக அப்ப பல்லு விழுந்து மொளைக்கிற வயசு. கொடைக்கானல் மலையில கவுஞ்சிதான் எங்க ஊரு, அங்க எங்களுக்குப் பூண்டுக் காடு. எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது, எம் வயித்துல பொறந்தது மளிகைப் பொட்டலத்தைக் கூட விடாமப் படிக்குது! வாத்தியாரு கணக்கச் சொல்லி முடிக்கல, விடை வந்துரும். அதோட நின்னாப் பரவாயில்ல. தனியாப் பேசிக்கிட்டே திரியும். கூப்பிட்டாக் காது கேக்காது, வானத்தைப் பாத்து வெரலை மடக்கிக்கிட்டு நிக்கும்.

எங்க மாமியா பாத்தாக. "இது புள்ள அறிவு இல்லடி. கூக்கால் ஏரிக்கரையில எதுவோ புடிச்சிருக்கு. கோடாங்கிகிட்ட விட்டு சாட்டையால நாலு போட்டா எறங்கிரும்"னாக.

எனக்கு உசுரே இல்ல. எங்க தெருப் பொண்ணு ஒருத்தியப் பேயோட்டுறேன்னு அந்தக் கோடாங்கி அப்பிடித்தான் அடிச்சான். முதுகுத் தழும்பு ஆறிருச்சு. அவ பேச்சு திரும்பி வரவே இல்ல.

வாத்தியாருதான், "கொடைக்கானல் மிசன் பள்ளிக்கூடத்துக்கு சீசனுக்கு மெட்ராஸ் அம்மா ஒருத்தவுக வந்திருக்காக. மனசைப் பத்திப் படிச்சவுக. கெட்டிக்காரப் புள்ளைகளக் கேள்வி கேட்டுப் பாத்துச் சொல்லுவாக, காமிங்க"ன்னாரு. மாமியா சரின்னாக. "ஆனா கோளாறுன்னு அந்தம்மா ஒரு வார்த்தை சொல்லட்டும், வர்ற வழியில நேரா கோடாங்கி வீடுதான்." லாரிக்காரன்கிட்டயும் அதை முன்கூட்டியே சொல்லி வச்சுட்டாக.

காய் லாரியில கோசு மூட்டை மேல உக்காந்து போனோம். கோசுன்னா அப்பக் கோசு, இப்ப வர்றது என்ன கோசு! சரி, அதை விடு.

அந்தம்மா பட்டுச் சேலைக்கு மேல சுவெட்டர் போட்டிருந்தாக. புள்ளைய மட்டும் உள்ள கூட்டிட்டுப் போனாக. நானும் மாமியாளும் வெளி பெஞ்சுல. கதவு ஒருக்களிச்சுத்தான் கெடந்துச்சு. மேசையில ஒரு கடியாரம் டிக்கு டிக்குன்னு ஓடுது. கட்டைய அடுக்கச் சொன்னாக, அடுக்குச்சு. படத்துல என்ன கொறையுதுன்னாக, சொல்லுச்சு. அப்பறம் கேட்டாகடி ஒரு கேள்வி.

"பக்கத்து வீட்டுக் கூரையில இருந்து குபுகுபுன்னு பொகை வருது. நீ என்ன பண்ணுவே?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

அந்தம்மா பென்சில் நின்னு போச்சு. "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ரொம்ப நெறையப் பொகை."

"நெறைய வந்தாத்தான் நல்லது. நின்னு போனாத்தான் ஓடிப்போயிச் சொல்லுவேன்."

அந்தம்மா நெத்தியச் சுருக்கிக்கிட்டு என்னமோ எழுதுனாக. போச்சு, கோளாறுன்னுதான் எழுதுறாகன்னு நெனச்சேன். சாட்டைச் சத்தமே காதுல கேக்குது.

பாத்தா, பெஞ்சுல மாமியாளக் காணோம். கதவத் தள்ளிக்கிட்டு உள்ள நிக்கிறாக.

"ஏம்மா, என்ன எழுதுறீக? பூண்டைக் கட்டித் தொங்கவிட்டு அடியில பொகை போடாட்டி அழுகிப் போகாது? பொகையப் பாத்து ஊரைக் கூட்டுனா எங்க ஊருல சிரிப்பாகம்மா. எம் பேத்தி சரியாத்தான் சொல்லுது. அது புத்திக்கு என்ன கொறச்ச?"

அந்தம்மா கோவப்படல. மெதுவா மூக்குக் கண்ணாடியக் கழட்டி வச்சாக. "எங்க ஊர்ல பொகைன்னா நெருப்புப் பிடிச்சிருக்குன்னு அர்த்தம் பாட்டி. அப்போ கொழந்தை தெளிவாத்தான் இருக்கான்னு நீங்களே சொல்றீங்க, இல்லையா?"

மாமியா தன்னால தலைய ஆட்டிட்டாக! நான் அப்பத்தான் அழுதுகிட்டே கோடாங்கி சங்கதிய ஒடச்சேன். அந்தம்மா என்னைய உக்கார வச்சுச் சொன்னாக: "வியாதி இல்லம்மா. இவ மூளை ஓடற வேகத்துக்கு ஈடுகொடுத்துப் பேச ஆள் இல்ல, அதான் தனக்குத் தானே பேசறா. பெரிய வகுப்புப் புஸ்தகமாக் குடுங்க, கேள்வி கேட்டா அதட்டாதீங்க. அடிச்சா பயந்து எல்லாத்தையும் உள்ளயே பூட்டிக்குவா."

திரும்பி வர்றப்பவும் அதே லாரிதான். மாமியா மனசுல என்ன இருக்குன்னு எனக்குப் புடிபடல. கோடாங்கி வீட்டுப் பாதை முக்குல லாரி நின்னுருச்சு. நான் புள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன்.

"பாட்டி, இங்கதான எறங்கணும்னீக?"ன்னான் லாரிக்காரன்.

மாமியா அவனை மேலயும் கீழயும் பாத்தாக. "இங்க எனக்கு என்னலே சோலி? வெரசா வண்டிய எடு."

போன மாசம் எம் மக வந்திருந்தா. இன்னைக்கும் அப்பிடித்தான், அடுப்படியில நின்னு தனக்குத் தானே பேசுறா. நான் அம்மியில அரைக்கிற மாதிரி பாவனை பண்ணிக்கிட்டே அதைக் கேட்டுச் சிரிச்சுக்கிட்டுக் கெடந்தேன். உம் மருமககிட்டச் சொல்லு... அடியாத்தே, எங்க கூரையில பொகையக் காணோமே! பூண்டு பூராம் மேல தொங்குது. இருடி, வெறகத் தள்ளி விட்டுட்டு வாறேன்.