ஓ நெகட்டிவ் யாரும் இல்லை

ஜாவா கற்கத் தொடங்கிய புதிதில், டாக்குரியாவில் எங்கள் தெரு கிளப்பின் ரத்ததானக் கணக்குக்கு நானே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பெயர், ரத்த வகை, போன் எண் என்று கமா போட்ட வரிகளை அது ஸ்ப்ளிட் செய்து, நாம் கேட்கும் வகையோடு ஒப்பிடும்.

ஒரு மத்தியானம் கிளப் செயலாளர் தபன்தா போன் செய்தார். பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு உடனே ஓ நெகட்டிவ் வேண்டுமாம். தட்டினேன். திரையில் எந்தப் பெயரும் வரவில்லை. மறுபடி தட்டினேன். தபன்தா, “கீ ஹோலோ? கீ ஹோலோ?” என்று, என்ன ஆச்சு என்று கேட்டு வங்காளியில் பறந்தார். யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

சமையலறையிலிருந்து அம்மா கத்தினாள். “மாடி வீட்டு மிதாலி பௌதி ஓ நெகட்டிவ்தானேடா? போன வருஷம் கேம்ப்ல குடுத்துட்டு வந்து பெருமையா சொன்னாளே!”

செருப்புகூடப் போடாமல் மாடிக்கு ஓடினேன். தெருவில் நாங்கள் அண்ணி முறையில் பௌதி என்று அழைக்கும் அவர், ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் திரும்பும்வரை இருப்புக் கொள்ளவில்லை. பட்டியல் இருந்த கோப்பைத் திறந்தால், அவர் பெயரும் ரத்த வகையும் பளிச்சென்று இருந்தன. நான் இரட்டைச் சமக்குறி போட்டு ஒப்பிட்டிருந்தேன். ஜாவாவில் அது எழுத்துகள் ஒன்றா என்று பார்க்காது. இரண்டும் நினைவகத்தில் ஒரே பொருளா என்றுதான் பார்க்கும். எழுத்துகளை ஒப்பிட ஈக்வல்ஸ் வேண்டும். சோதித்தபோது இரண்டு பக்கமும் புரோகிராமுக்குள்ளேயே நான் எழுதிய சொற்கள்; அப்படி எழுதிய ஒரே சொல்லை ஜாவா ஒரே பொருளாக வைத்துக்கொள்ளும், கோப்பிலிருந்து பிரித்தெடுத்ததை அப்படி வைக்காது. அதனால் சரியாக வந்து தொலைத்திருக்கிறது.

தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். பிழையைத் திருத்த ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால், “யாரும் இல்லை” என்று தபன்தாவிடம் சொன்னபோது என் குரலில் துளி சந்தேகமும் இருக்கவில்லை. அந்தக் குரல்தான் இன்னும் என்னை விடவில்லை.