பேனருக்கு முந்தைய சனிக்கிழமைகள்

திருச்செங்கோட்டில் ஒரு பொறியியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வெண்ணந்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் இடம் காலியாகக் கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, சனிக்கிழமைகளில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நானே போய்ப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். யாரும் அனுப்பவில்லை. இரண்டு பஸ் மாறிப் போவேன். "லீவு நாள்லகூட உன்ற வாய் சும்மா இருக்காதா?" என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் விசைத்தறி ஓடும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகியதால் பக்கத்தில் இருப்பவரிடமும் கத்தித்தான் பேசுவார்கள். முதல் பெஞ்சில் இருந்த ஒருத்தி எல்லோரையும் மிஞ்சுவாள். "புரியலீங்க மிஸ்!" என்று அவள் போடும் சத்தத்தில் பக்கத்து வகுப்பு வாத்தியார் எட்டிப் பார்ப்பார். என் கல்லூரி மாணவர்கள் புரியாவிட்டாலும் தலையாட்டுவார்கள். இவள் புரியும்வரை விடமாட்டாள். அதனாலேயே அவளை எனக்கு அவ்வளவு பிடிக்கும். செருப்புப் பெட்டியில் ஊசித்துளை போட்டு, எண்ணெய்த் தாள் ஒட்டி, ஊசித்துளைக் கேமரா ஒன்று செய்து அவளிடம் கொடுத்தேன். மறுவாரம் வாசலிலேயே கத்தினாள்: "எதிர் ஊடு தலகீழா நிக்குதுங்க மிஸ்!"

விஷயம் கல்லூரிக்குத் தெரிந்துவிட்டது. முதல்வர் கூப்பிட்டுப் பாராட்டினார். அங்கேதான் வந்தது வினை. "எதுக்குங்க மேடம் பஸ்ல அலையறீங்க? நம்ம வண்டியிலயே போங்க" என்றார். அந்தச் சனிக்கிழமை வண்டியில் எனக்கு முன்பாகவே அட்மிஷன் ஆபீஸ்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் கரும்பலகையை மறைத்துப் பேனர் கட்டினார்கள். அதில் பல்லைக் காட்டிக்கொண்டு என் படம். கல்லூரிப் பெயர் போட்ட பைகளை நீட்டி, அப்பாவின் செல் நம்பரைக் கேட்டார்கள். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்தே நம்பிக் கொடுத்தார்கள்.

திங்கட்கிழமை முதல்வரிடம் சண்டை போட்டேன். "சீட் நெறையலீன்னா உங்களுக்கும் எனக்கும் சம்பளம் யாருங்க மேடம் குடுப்பாங்க?" என்றார். அதற்குள் அந்த வீடுகளுக்கெல்லாம் எங்கள் கல்லூரியில் சேரச் சொல்லிப் போன் மேல் போன் போக ஆரம்பித்திருந்தது.

அடுத்த வாரம் பஸ்ஸில்தான் போனேன். கொஞ்சம் பேரே வந்திருந்தார்கள். பாடம் முடியும்வரை ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசியில் அவள் மட்டும் மேஜையருகே வந்தாள்.

"எங்கப்பா கேக்கச் சொன்னாருங்க மிஸ். இத்தன நாளும் இதுக்குத்தான் வந்தீங்களா?"

"இல்ல சாமி. சத்தியமா இல்ல."

"செரிங்க மிஸ்."

தலைமையாசிரியர் மரியாதையாகவே வழியனுப்பினார். "இனிச் சனிக்கெழம டெஸ்ட் வெக்கலாம்னு இருக்கறோமுங்க மேடம். தேவைன்னா கூப்படறேனுங்க." கூப்பிடவே இல்லை. வேறு இயற்பியல் ஆசிரியர் வந்தாரா என்பதும் தெரியாது. விசாரிக்க எனக்கு முகமில்லை.

இன்றைக்கு நினைத்தாலும் மனசு ஆறவில்லை. தறியையே அடக்கிப் பேசுகிறவள், அந்த ஒரு கேள்வியை மட்டும் வராந்தாவில் நின்றவர்கள் காதில் விழாதபடி மெதுவாகக் கேட்டாள். எனக்கு அவமானமாகிவிடக் கூடாதாம்.